மாமியார் கேட்டது

அன்று தலைவர் வீட்டுப் பாயில் அமர்ந்திருந்தவர்கள் ஐவர்: ஊர்த்தலைவர் ராத்து விலியாமே, அபிசாய், வாசலோரம் அவன் தாய் உனாய்சி, அவர் மகள் மெரெசேய்னி, இவர்கள் அனைவரையும் வெல்ல வந்த அவள் கணவன் ஈசிகேலி.

உறவினர் வாய்விட்டுக் கேட்டதை இல்லையென்பது கந்தாவுத் தீவில் மானக்கேடு. அதை நம்பியே அபிசாயின் படகு இயந்திரத்துக்குக் குறிவைத்து மனைவியின் ஊருக்குப் புறப்பட்டிருந்தான் ஈசிகேலி. தாய்வீட்டில் சிலகாலம் தங்குகிறேனென்று மெரெசேய்னி எத்தனையோ முறை கேட்டும், “எனக்கு யார் சமைக்கிறது?” என்று மறுத்தவனும் அவன்தான்.

மரியாதையில் குறை வைக்கவில்லை. ஊரெல்லையிலேயே தொப்பியைக் கழற்றினான். யங்கோனா வேர்க்கட்டைத் தலைவர்முன் வைத்துப் பணிந்தான். தலைவர் கைதட்டி ஏற்றார். வேரை இடித்துக் கரைத்த பானம் சிரட்டையில் வந்தது. ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தொண்டையைச் செருமினான்.

“மச்சான், உன் படகு இயந்திரம் எனக்கு வேணும்.”

“என் பல்லையும் பிடுங்கிக்கிறியா?”

“அது ஆடுது. நீயே வச்சுக்கோ.”

தலைவரே சிரித்துவிட்டார்.

“எடுத்துட்டுப் போய்த் தொலை,” என்றான் அபிசாய்.

வெற்றி ஈசிகேலியின் நாவை அவிழ்த்தது. “சொந்தம் கேட்டா இல்லேங்கிறவன் மனுஷனா? என்னைக் கேட்டா உயிரையே குடுப்பேன்!”

“உயிர் வேணாங்க,” என்றாள் மெரெசேய்னி. “அம்மா வேற ஒண்ணு கேக்கறாங்க.”

“என்னவாம்?”

“கிழங்கு தோண்டி முடியறவரைக்கும் என்னை இங்கேயே விட்டுட்டுப் போகணுமாம்.”

அவ்வாண்டுக் கிழங்கு இன்னும் நடப்படவே இல்லை. ஈசிகேலி ஓரக்கண்ணால் நோக்கினான். உனாய்சி வந்ததுமுதல் உதடு பிரித்தவரல்லர்.

“அவங்க வாயே திறக்கலையே!”

“சந்தேகம்னா நீங்களே கேட்டுப் பாருங்களேன்.”

மாமியாரிடம் மருமகன் நேரே பேசுவதா? தலைவர்முன் தொப்பி அணிவதைவிடப் பெரிய குற்றமாயிற்றே அது!

“அப்போ... சோத்துக்கு?”

“மீன் பிடிக்க இயந்திரம் கிடைச்சிருச்சே மச்சான்,” என்றான் அபிசாய். “சுட்டுத் தின்னு.”

தலைவர் புருவம் உயர்த்தினார். “மருமகன் என்ன சொல்றார்?”

“குடுத்தேன்,” என்றான் ஈசிகேலி.

அனைவரும் கைதட்டினர். உனாய்சி மட்டும் முதன்முறையாக நிமிர்ந்து, தாம் எதைக் கேட்டோம் என்று விளங்காமல் மகளைப் பார்த்தார்.

ஈசிகேலி இயந்திரத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு, முறைப்படி முதுகை வளைத்து வெளியேறினான்.