சோளகக் காற்றும் ஒரு போத்தல் தூளும்

ஒன்பது வயதில் விட்டு வந்த நாட்டைப் பற்றி அதிகாரத்தோடு பேசுகிற மனிதரை நம்பாதீர்கள். அவருக்கு அந்த நாட்டில் தெரிந்தது வீடு இருந்த ஒரு ஒழுங்கை, ஒரு பள்ளிக்கூடம், இரண்டு கோயில்கள் (அதில் ஒன்றில் சுண்டல் நன்றாக இருக்கும்). மிச்சமெல்லாம் பிறகு அவராகக் கட்டிக்கொண்டது. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த மனிதர் நான்தான்.

ஜெர்மனியில், ஹம் நகரில் ஒரு கேபிள் தொழிற்சாலையில் எனக்கு வேலை. ஆனால் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் புவியியல் பேராசிரியர். வெளியே மழை பெய்தால், "இதெல்லாம் ஒரு மழையே? எங்கட ஊரில பெய்யிறதுதான் மழை" என்பேன். வெயிலுக்கும் அப்படித்தான், காற்றுக்கும் அப்படித்தான். ஜெர்மனியின் எந்தக் காலநிலையும் மதிக்கத் தக்கதல்ல என்று கேட்டுக் கேட்டே என் மகள் தாரணி வளர்ந்தாள்.

அவள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, புவியியல் பாடத்துக்கு வகுப்பின் முன் நின்று ஒரு உரை நிகழ்த்த வேண்டி வந்தது. 'ஒரு தீவு நாட்டில் நிலமும் காலநிலையும் மக்களின் வாழ்க்கையை எப்படி அமைக்கின்றன?' என்பது தலைப்பு. அந்தப் பாடத்தில் அவள் நாலாம் தரத்தில் நின்றாள். (இங்கே ஒன்றுதான் உச்சம், எண் கூடக்கூட மானம் குறையும்.) ஏற வேண்டுமென்றால் இந்த உரைதான் ஏணி. மூன்று வாரம் நூலகத்தில் இருந்து தயார் செய்தாள். 'பெற்றோர் விரும்பினால் உதவலாம்' என்று புவியியல் படிப்பிக்கும் லின்ட்னர் ரீச்சர் வீட்டுக்கு அனுப்பிய கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தார். பாவம், நல்ல மனுசி.

"நான் வாறன்" என்றேன்.

"வேண்டாம் அப்பா. நான் தனியச் செய்வன்."

"பிள்ளை, நீ புத்தகத்தில படிச்சனி. நான் அங்க பிறந்தவன்."

"அப்ப சொல்லுங்கோ. யாழ்ப்பாணத்துக்கு மழை கொண்டு வாற காற்று எது? தென்மேற்கா, வடகிழக்கா?"

நான் ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தேன். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, கொலோனில் இருக்கும் மச்சானுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"மச்சான், எங்கட ஊருக்கு மழை எந்தப் பக்கத்தால வாறது?"

"மேல இருந்துதான்" என்றான் அவன்.

அறிவால் உதவ ஏலாது என்று புரிந்துவிட்டது. ஆகவே ஒரு மாதிரி வடிவம் செய்து கொடுத்து உதவுவது என்று முடிவெடுத்தேன்.

ஒரு பெரிய பலகையில் இலங்கையை வரைந்தேன். நடுவே பச்சைக் களிமண்ணால் மலைநாடு. சுற்றிவர நீலத் தாளில் கடல். எல்லாம் சரி, யாழ்ப்பாணத்துச் செம்மண்ணுக்கு எங்கே போவது? மாசி மாதம். வெளியே இருந்த மண் கறுப்பு. அதுவும் கல்லாய் உறைந்து கிடந்தது. மனைவி வசந்தி முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போயிருந்தாள். அடுப்படியை ஒரு சுற்றுப் பார்த்தேன். மேல்தட்டில் சிவப்பு மூடிப் போத்தல். ஊரில் மிளகாயும் மல்லியும் வறுத்து இடித்து, யாரோ ஒரு புண்ணியவானின் பயணப் பெட்டியில் வந்து சேர்ந்த கறித்தூள். அள்ளிக் குடாநாட்டின் மேல் பரப்பினேன். அச்சு அசல் செம்மண்! எனக்குக் கண் கலங்கியது. (உணர்ச்சி என்று நினைத்தேன்.)

மறுநாள், அவள் வேண்டாமென்றும் கேளாமல், பலகையோடு நானும் போனேன். வகுப்பில் தாரணி பேசியது இன்னும் காதில் நிற்கிறது. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை என்றாள். மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தேங்குகிறது, அதற்கு அடியில் கடலின் உப்புநீர் காத்திருக்கிறது, கிணற்றை ஆசைப்பட்டு அதிகமாக இறைத்தால் உப்பு மேலேறிவிடும் என்றாள். மழை வடகிழக்குக் காற்றோடு சில மாதங்கள்தான் வரும். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்றோ மழையை மலைநாட்டில் கொட்டிவிட்டு எங்கள் பக்கம் வெறுங்கையோடு வரும். அதற்குச் சோளகம் என்று பெயர். காற்று திரும்பினால் மீனவர்களும் கடலுக்குப் போகும் கரையை மாற்றுவார்கள். இருபத்தெட்டுப் பிள்ளைகளும் வாய் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் இதெல்லாம் புதுச் செய்தி.

புத்தியுள்ள தகப்பன் இந்த இடத்தில் கை தட்டியிருப்பான். நான் எழுந்து, "இப்போது அந்தக் காற்றை நேரில் பார்ப்போம்" என்று ஜெர்மனில் அறிவித்தேன். பையிலிருந்து வசந்தியின் முடி உலர்த்தும் மெசினை எடுத்துச் செருகினேன். அதில் மூன்று வேகங்கள் உண்டு. தாய்நாட்டுக் காற்றை முதலாம் வேகத்தில் காட்டுவது அவமானம் அல்லவா?

"அப்பா, வேண்டாம்" என்றாள் தாரணி, தமிழில்.

மூன்றை அழுத்தினேன்.

யாழ்ப்பாணக் குடாநாடு அப்படியே எழும்பி முதல் வரிசையின் மேல் போனது. ஒரு கணம் அழகாகத்தான் இருந்தது. பிறகு முதல் தும்மல். அடுத்து இருபத்தெட்டுத் தும்மல். சூடான காற்றில் தூள் இன்னொரு முறை வறுபட்டு மணந்தது. லின்ட்னர் ரீச்சர் சன்னலுக்கு ஓடினார், அது பூட்டியிருந்தது. "எல்லோரும் வெளியே!" என்று இருமிக்கொண்டே கத்தினார். ஓடிய பிள்ளைகளில் ஒருவர் தீ அபாய மணியை அழுத்த, முழுப் பள்ளிக்கூடமும் மேலங்கி இல்லாமல் பனி உறைந்த முற்றத்தில் வந்து நின்றது.

தீயணைப்பு வாகனம் வந்தது. முகமூடி போட்ட ஒருவர் குறிப்பேட்டோடு என்னிடம் வந்தார்.

"பரவிய பொருள் என்ன?"

"கறித்தூள்."

"எந்த நோக்கத்துக்காக?"

"பருவக்காற்று" என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

பிள்ளைகள் முகம் கழுவினார்கள். ஒருவருக்கும் பெரிதாக ஒன்றுமில்லை. நான் சுவரோரம் ஒதுங்கி, மகள் இனி என்னோடு பேசுவாளா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவள் முற்றத்தில் பிள்ளைகள் உட்காரும் ஒரு வாங்கில் ஏறினாள். கண் சிவந்து, மூக்கு ஒழுக, பல் கிடுகிடுக்கச் சொன்னாள்:

"நீங்கள் இப்போது பார்த்ததுதான் அங்கேயும் நடக்கிறது. காய்ந்த காலத்தில் காற்று வந்தால் மண் பறக்கும். அதனால்தான் எங்கள் ஊரில் வீட்டு வளவைச் சுற்றி உயரமாக வேலி கட்டுகிறார்கள், மரம் நடுகிறார்கள். என் அப்பா வேலி வைக்க மறந்துவிட்டார்."

முற்றமே கை தட்டியது. தீயணைப்புக்காரரும் தட்டினார்.

பின்னேரம் வசந்தி வேலையால் வந்தாள். நடந்ததை எல்லாம் கேட்டாள். கடைசியில், "எந்தப் போத்தலப்பா எடுத்தனீங்கள்?" என்றாள்.

"சிவப்பு மூடி."

அவள் போய் வெறும் போத்தலைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள். ஒரு மாதம் எங்கள் வீட்டில் உருளைக்கிழங்கு வெள்ளையாகவே வெந்தது.

தாரணிக்கு மதிப்பீட்டுத் தாளில் ஒன்றாம் தரம் கிடைத்தது. கீழே லின்ட்னர் ரீச்சர், 'தந்தையின் பங்களிப்பு மதிப்பீட்டில் சேர்த்துக்கொள்ளப்படவில்லை' என்று எழுதியிருந்தார். வசந்தி அந்தத் தாளைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினாள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முதலில் தேநீர், அடுத்தது அந்தக் கதை.

வருடங்கள் ஓடிவிட்டன. போன மாதம் பல் வைத்தியரிடம் போனேன். உதவிக்கு நின்ற, தாரணியின் வயதிருக்கும் இளம்பெண் என் பெயரை வாசித்துவிட்டு, "நீங்கள் தாரணியின் அப்பாவா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். அவள் ஓர் அடி பின்னால் போய், முகமூடியை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்:

"தென்மேற்கு. மே முதல் செப்டெம்பர் வரை."