மகிழ்ச்சியைக் கலைக்கலாகாது

ஊழியர் மகிழ்ச்சியாக இருந்தால் மூடி நன்றாக மூடும் என்று எங்கள் டோக்கியோ தலைமையகம் கண்டுபிடித்தது. நாங்கள் நீகாட்டாவில், சமையல் பாத்திரங்களுக்கு மூடி செய்யும் கம்பெனியின் கணக்குப் பிரிவு. மூடியை நாங்கள் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். ஆனாலும் எங்கள் வாசலிலும் ஒன்று முதல் பத்து வரை பொத்தான் வைத்த பெட்டியை மாட்டிவிட்டார்கள். காலையில் அன்றைய மகிழ்ச்சியை அமுக்கினால்தான் கதவு திறக்கும்.

எங்கள் பிரிவுத் தலைவர் நிஷிவாகி அடக்கமான மனிதர். நான்கை அமுக்கினார். தலைவரைவிட மகிழ்ச்சியாக இருப்பது மரியாதையா? நாங்கள் எல்லோரும் மூன்றை அமுக்கினோம். இப்படிக் குளிர்காலம் முழுவதும் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை, மினேகிஷி என்ற பெண் ஒன்பதை அமுக்கிவிட்டார்.

நிஷிவாகி அவரைக் கூப்பிட்டார். தலைவரின் முகம் வாடிப்போயிருந்தது. "ஏம்மா மினேகிஷி, நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

"ஐயோ, இல்லை தலைவரே! சப்போரோவுக்கு மாற்றல் கிடைச்சிருச்சு. எங்க வீட்டுக்காரர் அங்கே நம்ம கிளையிலதானே இருக்கார்? கல்யாணம் ஆனதிலேருந்து லீவு நாள்லதான் பாத்துக்கறோம். சந்தோஷத்துல கை தன்னால அமுக்கிருச்சு. மன்னிச்சிருங்க."

விஷயம் அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் ஒன்பதைக் கண்ட தலைமையகம், மகிழ்ச்சி மேம்பாட்டு அலுவலர் உராபேயை அடுத்த ரயிலிலேயே அனுப்பிவைத்தது.

"ஆக, மாற்றல் உத்தரவு கொடுத்தா மகிழ்ச்சி ஏறுது" என்றார் உராபே.

"அது அவங்களுக்குங்க" என்றார் நிஷிவாகி.

"எல்லாருக்கும் கொடுத்துப் பாத்துடுவோமே!"

கொடுத்தார்கள். அதுவும் அவரவர் கேட்ட ஊருக்கு. எனக்கு என் சொந்த ஊர் மட்சுயாமா. நிஷிவாகிக்கு, மீன்பிடிக்க வசதியாகக் கடலோரத்தில் ஒரு கிளை. மறுநாள் காலை, எங்களுக்கு வழிவிட வேண்டுமே என்று தலைவர் பெரிய மனது பண்ணிப் பத்தை அமுக்கினார். நாங்கள் வரிசையாக ஒன்பதை அமுக்கினோம். மாற்றலாகிப் போகிறவர் மற்றவர்களுக்கு இனிப்புப் பெட்டி தருவது வழக்கம். எல்லோருமே போவதால் எல்லோரும் எல்லோருக்கும் தந்தோம். அந்த வாரம் கணக்கு எழுத மேஜையில் இடமில்லை.

மாதக் கடைசியில் உராபே கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரத்தோடு வந்து, எழுந்து நின்று வாசித்தார்:

"நிறுவனத்திலேயே மிக மகிழ்ச்சியான பிரிவாக இப்பிரிவு தேர்வு செய்யப்பட்டுள்ளது. இத்தகைய பிரிவைக் கலைப்பது மகிழ்ச்சிக் கொள்கைக்கு முற்றிலும் முரணானது. ஆகவே மாற்றல் உத்தரவுகள் அனைத்தும் இதன்மூலம் ரத்து செய்யப்படுகின்றன."

மினேகிஷி எழுந்தார். "ஐயா, நான் வீட்டையே காலி பண்ணிட்டேன். சாமானெல்லாம் சப்போரோ போயிருச்சு."

"இங்கே இவ்வளவு சந்தோஷமா இருக்கீங்க, எதுக்கும்மா போகணும்?"

"போகப்போறேன்னுதானே சந்தோஷமா இருந்தேன்!"

"காரணம் எங்க துறையில வராது. எங்களுக்கு எண் மட்டும்தான்."

மினேகிஷியின் கண் கலங்கிவிட்டது. அவருக்காக வாயைத் திறந்தவர் நிஷிவாகிதான். இடுப்பு வளையக் குனிந்து வணங்கி, "அப்படின்னா அவங்க வீட்டுக்காரரையாவது இங்கே மாத்திக் கொடுங்க" என்று கெஞ்சினார். தலைவர் யாரிடமும் எதையும் கேட்டு நாங்கள் பார்த்ததில்லை.

உராபேயின் முகம் மலர்ந்தது. "அதை யோசிக்காம இருப்போமா? அவரோட எண்ணையும் எடுத்துப் பாத்தோம். சம்சாரம் வர்றாங்கன்னு தெரிஞ்ச நாள்லேருந்து மனுஷன் தினமும் பத்துதான் அமுக்கறார். அவ்வளவு சந்தோஷமா இருக்கறவரை அங்கேருந்து கிளப்பறது பாவம் இல்லையா?"

அதை அவர் வாழ்த்துச் செய்தி போலச் சொன்னதால், நாங்கள் எல்லோரும் கைதட்டினோம்.