நிறைகோல் நாயகன் கறுப்புத் தேர்ந்த படலம்

வாழ்க, எடைக்கல் ஏந்தல்! வாழ்க, அரைக் கிராமுக்கும் அசைந்து கொடாத ஆய்வாளர் குலத் தோன்றல்! கடைதோறும் புகுந்து தராசுத் தட்டுகளின் பொய்யை உரித்து, முத்திரை குத்தி மீளும் மாவீரன், தன் வீட்டு வாசல் கேட்டின் தூண் எங்கே நிற்கிறது என்பதை மட்டும் பத்தொன்பது ஆண்டுகளாக அளந்தறியாதவன், அவன் புகழைப் பாடப் புகுந்தேன். உப்புத்தாளே, எனக்குச் சொரசொரப்பான நாவைத் தா! பெயிண்ட் கரைக்கும் தின்னர் மணமே, கதை முடியும்வரை தும்மல் வராமல் காத்தருள்!

போர் மூண்ட விதம் இது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மனைவியின் காரை நம் வீரன் பின்னோக்கிச் செலுத்தினான். ஆம், மனைவியின் கார். ஆஸ்பத்திரியில் நர்ஸாக நின்று நின்று கால் வீங்கி, அந்தச் சம்பளத்தில் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவள் வாங்கிய கார். சிறியது, கறுப்பு, கண்ணாடியாகப் பார்த்துத் தலை வாரிக்கொள்ளத்தக்க கறுப்பு. பின்னே நின்ற அவள், "ரைட்டுல ஒடிங்க, லெஃப்ட்டுல தூண் இருக்கு!" என்று கூவினாள். "எனக்குத் தெரியும்" என்று அவன் முழங்கினான். உலகம் கேட்ட முழக்கம் அது, தூண் கேட்கவில்லை. இடப்பக்கக் கதவில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல் விழுந்தது.

அதோடு விட்டிருந்தால் இக்காவியம் ஒரு வரியில் முடிந்து, எல்லாரும் அவரவர் வேலையைப் பார்த்திருக்கலாம். விடுவானா வீரன்? அவள் டியூட்டிக்குப் போனதும் சமையலறை புகுந்து, பாத்திரம் துலக்கும் கம்பிநாரை வலக்கையிலும் பொடியை இடக்கையிலும் ஏந்தி, வியர்வை ஆறாகப் பெருக, மூச்சு துருத்தியாகச் சீற, கதவைத் தேய்த்தான். கீறல் போகவில்லை. கதவின் பளபளப்பு போயிற்று. எந்தச் சாமானியனும் இந்த இடத்தில் நாரைக் கீழே போட்டிருப்பான். ஆனால் ஒரு தட்டு தாழ்ந்து ஒரு தட்டு உயர்ந்த தராசைக் கண்டால் உறக்கம் வராத குலமல்லவா நம்மவன் குலம்! இடக்கதவு மங்கிய பின் வலக்கதவு மின்னுவது அநீதி எனத் துணிந்து அதையும் தேய்த்தான். இருபுறமும் மங்கியபின் பானெட் மட்டும் இளிப்பது பொறுக்காமல் அதையும், பிறகு கூரையையும் சமன் செய்தான். நண்பகலில் அந்தக் கார், சாம்பலில் புரண்டெழுந்த எருமைபோல் நின்றது. நான்கு பக்கமும் ஒரே மங்கல். ஒரு மில்லிகிராம் பிசகில்லை.

மாலையில் மனைவி வந்து கண்டாள். கத்தவில்லை. கத்தலுக்கு அஞ்சுபவன் வீரனே அல்லன். அவள் ஏவியது அதனினும் கொடிய படை. "ம்" என்றாள்.

அன்று தொட்டு ஒன்பது நாள் அவ்வீட்டில் 'ம்' கோலோச்சியது. சாப்பிட்டாச்சா என்றால் 'ம்'. மழை வரும்போல என்றால் 'ம்'. கோவமா என்றாலும் 'ம்'. ஊரிலுள்ள எடைக்கல்லையெல்லாம் நிறுத்தறிந்தவன், இந்த ஓரெழுத்து ஆமாவா இல்லையா என்று நிறுக்க முயன்றான். முள் அசையவேயில்லை. அப்போதுதான் அவன் சூளுரைத்தான்: "இந்தக் காரை முன்பிருந்ததினும் அழகாக்கி அவள் முன் நிறுத்தி, அவள் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியத்தை மீட்காமல் ஓயேன்!" கையிருப்பைப் பார்த்துக்கொண்டு சற்றுத் தணிந்த குரலிலேயே சூளுரைத்தான்.

தகரக் கூரை வேய்ந்த பட்டறை. பழைய செய்தித்தாளால் கண்கட்டப்பட்டுக் கார்கள் வரிசையாகக் காத்து நிற்கும் களம். அங்கே மூக்குவரை கைக்குட்டை கட்டி, புருவத்தில் வெள்ளிப் பெயிண்ட் படிந்து, வயதுக்கு முன்பே நரைத்தவர்போல் தோன்றும் பெயிண்டர் எழுந்தருளியிருந்தார். உடைத்துப்போட்ட வண்டிகளிலிருந்து கழற்றிய பெட்ரோல் மூடிகள் நான்கில் நான்கு கறுப்புகளை அடித்துக் காட்டுவது அவர் வழக்கம். பெஞ்சின்மேல் நால்வகைச் சேனைபோல் அவை அணிவகுத்தன.

மினுமினுக்கும் மெட்டாலிக்கைத் தொட்டான் வீரன். "உங்க பட்ஜெட்டுக்கு இது ரெண்டு கதவுக்குத்தான் சார் வரும்" என்றார் பெயிண்டர். பளபளப்பே இல்லாத 'மேட்'டைத் தொட்டான். "கெத்தா இருக்கும். ஆனா பூ மாதிரி கழுவணும். நாரு கீரு போட்டுத் தேய்ச்சுடக் கூடாது." சொல்லிவிட்டு அவர் வீரனை ஒரு கணம் பார்த்தார், புகழ் நமக்கு முன்னே போய்ச் சேர்ந்துவிடுகிறது. பாதிப் பளபளப்பான சாட்டினைத் தொட்டான். "ரெண்டுங்கெட்டான் சார் இது. வண்டி கழுவி நாளாச்சான்னு கேப்பாங்க."

கடைசியாகக் கிளாஸ், காரில் முன்பிருந்த அதே கண்ணாடிப் பளபளப்பு. "நல்லாத்தான் இருக்கும். ஆனா வலது பக்கம் பின்னாடி ஒரு ஒடுக்கு இருக்கே, கிளாஸ் போட்டா அது பளிச்சுனு தெரியும். தட்டிப் பட்டி பார்க்கணும்னா அது தனிச் செலவு."

ஒடுக்கு என்ற சொல் செவியில் விழுந்ததும் வீரன் முகம் மாறிற்று. அந்த ஒடுக்கு வந்த வரலாற்றை அறிந்தவர் உலகில் இருவர். அவ்விருவரும் ஒன்பது ஆண்டுகளாக அதைப் பேசியதில்லை. அது வெயிலில் பளிச்சிட்டு ஊர் பார்க்க நிற்கலாகாது என்பது மட்டும் அவன் நெஞ்சில் முளையடித்தாற்போல் இறங்கியது.

மூண்டது பெரும்போர். மூன்று நாள் அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்பெடுத்து, நான்கு மூடிகளையும் வெயிலில் வைத்துப் பார்த்தான், நிழலில் பார்த்தான், டியூப்லைட்டின் கீழ்க் குனிந்தும் மல்லாந்தும் பார்த்தான். தன் குடையோடு ஒப்பிட்டான், செருப்போடு ஒப்பிட்டான், துணிவு மிகுந்து தன் மீசையோடும் ஒப்பிட்டான். அது போன வாரம் அடித்த கறுப்பு என்பதால் தீர்ப்பு செல்லாமற் போயிற்று. மனைவியின் தம்பியிடம் ஆலோசனை கேட்டான். "மேட் போடுங்க மாமா, பாதி ராத்திரியில வந்தா வண்டி வர்றதே தெரியாது" என்றான் அந்த மதியூகி. இருட்டில் இடிபடுவதற்கு ஏற்ற குணம் என்று அந்த ஆலோசனையை அப்போதைக்கு விலக்கினான். நான்கு மூடிகளையும் படமெடுத்து மனைவிக்கு அனுப்பினான். பதில் வந்தது. எழுத்திலும் 'ம்'.

"நீங்களே சொல்லுங்க, எதுதான் நல்லது?" என்று பெயிண்டரை இறைஞ்சினான்.

"உங்க இஷ்டம் சார்" என்றார் அவர். முப்பது வருட அனுபவம் பேசியது.

மூன்றாம் நாள் பிற்பகல். ஒடுக்கை விழுங்கும் மேட்டுக்கும், அதைப் பாதி விழுங்கும் சாட்டினுக்கும் நடுவே வீரன் ஊசலாடுகையில், டியூட்டி முடிந்து, தோளில் பையும் காலில் வலியுமாக மனைவி பட்டறைக்குள் வந்தாள்.

"மேட்ல அந்த ஒடுக்கு தெரியாது, ஆனா கழுவ முடியாது. சாட்டின்ல…" என்று அவன் தொடங்கினான்.

"எந்த ஒடுக்கு?"

கேட்டால் 'உங்க இஷ்டம்' என்னும் பெயிண்டர், கேளாதபோது வாய் திறந்தார். "பின்னாடி இருக்கே மேடம், அதுதான். அதை மறைக்கத்தான் சார் மூணு நாளா மூடியும் கையுமா அலையறாரு."

அவள் காரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். குனிந்து, ஒடுக்கில் கட்டைவிரலை வைத்தாள். விரல் அளவெடுத்ததுபோல் பொருந்திற்று.

"நான் ஓட்டப் பழகினப்போ நம்ம தூண்ல இடிச்சது" என்றாள். "அன்னிக்கு நீங்க ஒண்ணுமே சொல்லல. ஒரு 'ம்'கூடச் சொல்லல."

"ம்" என்றான் மாவீரன்.

கம்பிரஸர் மூச்சடக்கி நிற்க, தகரக் கூரை செவிசாய்க்க, கண்கட்டிய கார்களெல்லாம் தாளை விலக்கி எட்டிப்பார்ப்பதுபோல் தோன்ற, நான்கு கறுப்புகளும் தம் பகை மறந்து ஒன்றையொன்று நோக்க, ஒன்பது நாள் முற்றுகையில் இளைத்த நிறைகோல் நாயகன், மூவுலகமும் நடுங்கும் அந்த வினாவை மீண்டும் ஒருமுறை தொடுத்தான்:

"கோவமா?"

"ஆமா, கோவம்தான். காரைப் போய் யாராவது நாரு போட்டுத் தேய்ப்பாங்களா? முன்னாடி என்ன இருந்துச்சோ அதையே அடிக்கச் சொல்லுங்க, ஒடுக்கு அது பாட்டுக்கு இருக்கட்டும். வாங்க, பசிக்குது."

காருக்குப் பழைய கறுப்பையே அடித்தார்கள்.