இன்னொருக்கா அண்ணனின் டிவி ஸ்டேஷன்

உலகத்தில் எந்தக் காரியமும் முதல் தடவையில் சரியாக நடக்காது என்று மனதார நம்பிய ஒரே மனிதர் மலேசியாவில், எங்கள் ஜாசின் ஊரில் இருந்தார். கல்யாணம், கருமாதி, காற்பந்து, கடை திறப்பு, எதுவானாலும் முதல் தடவை நடப்பது அவருக்கு வெறும் ஒத்திகைதான். தோளில் வீடியோ கேமரா, மூடிய ஒரு கண், உயர்ந்த ஒரு கை. "நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா இன்னொருக்கா!" என்பார். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஊருக்கு அவர் இன்னொருக்கா அண்ணன்.

தொழில், கல்யாண வீடியோ எடுப்பது. ஒரு முறை மாப்பிள்ளையை இரண்டாவது தடவை தாலி கட்டச் சொன்னார். பெண்ணின் தகப்பனார் எழுந்து, செருப்பைத் தேடிக்கொண்டு மண்டபத்துக்கு வெளியே போனார். வாசலில் கிடந்த முந்நூறு ஜோடியில் அவருடையது அகப்படவில்லை. அண்ணன் அன்றைக்குப் பிழைத்தது அப்படித்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. டிவியில் தமிழ்ச் செய்தி கொஞ்ச நேரம்தான். அதில் ஜாசின் வந்து நாங்கள் பார்த்ததில்லை.

"கோலாலம்பூர்ல தூறல் போட்டா நியூஸு. நம்ம ஊரே மெதந்தாலும் ஒருத்தனுக்கும் தெரியாதுலா. நாமளே ஒரு ஸ்டேஷன் போட்டா என்ன?"

போட்டுவிட்டார். நிலையம் என்பது அவருடைய வீடியோ கடையின் பின்னறை. சுவரில் ஒரு நீலப் படுக்கை விரிப்பு, முன்னால் ஒரு மேசை. வாரம் ஒரு செய்தித் தொகுப்பு, அதற்கு மூன்று டேப். ஒன்று ஜாசின் பசாருக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடைக்கு, ஒன்று புக்கிட் பெருவாங்கில் ஒரு முடிதிருத்தும் கடைக்கு, ஒன்று குருபோங்கில் தொழிற்சாலைப் பெண்கள் தங்கியிருந்த வீட்டுக்கு. இந்த மூன்றையும் அண்ணன் "நம்ம டவர்" என்றுதான் சொல்வார். முடிதிருத்தும் டவரில் ஒரு சிக்கல் இருந்தது. முடி வெட்டி எழுந்தவர்கள் பாதிச் செய்தியோடு போய்விடுவார்கள். மீதியைத் தெரிந்துகொள்ள அடுத்த மாதம் முடி வளர வேண்டும்.

செய்தி வாசிப்பாளர் நான்தான். குருபோங்கில் ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்த என்னை, என் அக்கா கல்யாணத்தில் மைக்கில் நன்றி சொன்ன ஒரே குற்றத்துக்காகப் பிடித்துப் போட்டார். மேலே பட்டுச் சேலை, மேசைக்குக் கீழே ட்ராக்சூட். "வணக்கம்" என்ற ஒரு சொல்லைப் பதினோரு தடவை சொல்ல வைத்துவிட்டு, கடைசியில் முதல் தடவை சொன்னதையே போட்ட மனிதரை என்ன செய்வது? கேட்டால், "அந்த மீதிப் பத்தும் இருந்ததாலதான் தங்கச்சி, மொதலோட அருமை தெரிஞ்சுது" என்பார்.

அவரிடம் இருந்த, படங்களைக் கலக்கும் மிக்ஸர் இயந்திரம் கல்யாண வீடியோவுக்கு வாங்கியது. அதில் ஒரு பொத்தான் சிக்கிக்கொண்டு எழும்பவே இல்லை. ஆகையால் எந்தச் செய்தியானாலும் இதய வடிவச் சட்டத்துக்குள்தான் வரும், மேலேயிருந்து ரோஜா இதழ்கள் விழும். சாக்கடை அடைப்புக்கும் ரோஜா, டெங்கிக் கொசுவுக்கும் ரோஜா. ஒரு பெரியவரின் இறுதி ஊர்வலத்தில் இதழ்கள் கொட்டியதைப் பார்த்த குடும்பத்தார் மட்டும் நெகிழ்ந்துபோய், கூடுதலாக இரண்டு டேப் கேட்டு வாங்கினார்கள்.

காற்பந்தில்தான் பெரிய வம்பு. இரண்டு ரப்பர்த் தோட்டங்களுக்கு இடையே இறுதி ஆட்டம். கடைசி நிமிடத்தில் கோல் விழுந்தது. அண்ணன் அப்போது பார்வையாளர்களை எடுத்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய் மைதானத்துக்குள் நின்று கையைத் தூக்கினார். ஜெயித்தவர்கள் சந்தோஷத்தில் சரி என்றார்கள். பந்தை அதே இடத்தில் வைத்து அதே பையன் உதைத்தான். கோல் கீப்பர் பாய்ந்து பிடித்துவிட்டான்! "பிடிச்சது பிடிச்சதுதான்லா" என்று தோற்ற தோட்டம் கோப்பையைக் கேட்டது. நான் செய்தியில் இரண்டு முடிவையும் வாசித்தேன். வேறு வழியில்லை.

இனி எட்டாங்கட்டைத் தோட்டத்துக் கதை. அண்ணன் பிறந்தது அங்கேதான். அவருடைய அக்கா லெட்சுமி அப்போதும் அங்கே பால்மரம் வெட்டி, ரப்பர்ப் பால் எடுத்துக்கொண்டிருந்தார். அந்தத் தோட்டத்து வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. வாரத்துக்கு இரண்டு தடவை லோரியில் வரும். காலையெல்லாம் மரம் வெட்டி வந்த பெண்கள் வாளியோடு வரிசையில் நின்று, தலையிலும் இடுப்பிலும் சுமந்து போவார்கள். லோரி பழுதானால் கோரை மண்டிய அல்லூர்க் கால்வாய்த் தண்ணீர்தான். பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் சொறி.

தோட்டத்து விளையாட்டு விழாவுக்குக் கம்பெனி டைரக்டர் வந்தார். பரிசு கொடுத்துவிட்டு, மைக்கைப் பிடித்து, "மூனு மாசத்துல உங்க எல்லார் வீட்டுக்கும் கொழாத் தண்ணி வரும்" என்றார். கைதட்டல். அண்ணன் கையைத் தூக்கினார்.

"ஐயா, குறுக்க ஒரு கோழி போயிருச்சு. இன்னொருக்கா."

டைரக்டர் நல்ல உற்சாகத்தில் இருந்தார். கைதட்டல் வேறு இனித்திருக்க வேண்டும். "ரெண்டே மாசத்துல!" என்றார். இன்னும் பெரிய கைதட்டல்.

"ஐயா, கைதட்டுனதுல சத்தம் கொழம்பிருச்சு. இன்னொருக்கா."

"ஒரே மாசம்! இது என் வாக்கு!"

கூட்டத்திலிருந்து லெட்சுமியக்கா வாயில் கையைக் குவித்துக் கத்தினார். "டேய் தம்பி, இன்னும் ஒருக்கா எடுடா! நாளைக்கே வந்துரும்!"

எதை வெட்டுவதென்று அண்ணனுக்குத் தெரியவில்லை. மூன்றையும் அப்படியே வரிசையாகப் போட்டார், ரோஜா இதழ்களோடு. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக் கடையில் சிரித்துச் சிரித்துப் பலருக்குக் குடித்த தேத்தண்ணி மூக்கில் ஏறியது. ஒரு மாதம் போனது. தண்ணீர் வரவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு வாரமும் தலைப்புச் செய்தி ஒன்றுதான். "எட்டாங்கட்டைத் தோட்டத்தில் இந்த வாரமும் தண்ணீர் வரவில்லை" என்று நான் வாசிப்பேன். உடனே டைரக்டர் மூன்று தடவை வாக்குக் கொடுப்பார்.

இரண்டு மாதமும் ஆனது. தோட்டத்து ஆபீசின் தலைமை எழுத்தர், பெரிய கிராணி, கடைக்கு வந்தார். நான் பின்னறையில் சேலைக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, அந்த டேப்ப நிறுத்திருங்க. கம்பெனி விருந்து, தீபாவளி விழா எல்லாம் நீங்கதானே எடுக்குறீங்க? அது கெடக்கட்டும். ஒங்க அக்கா தோட்டத்துலதான வேல செய்யுறாங்க. நாளைக்கு அவங்கள வீட்டக் காலி பண்ணச் சொன்னா நல்லாவா இருக்கும்?"

அண்ணனின் முகம் வெளுத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு ஊசி விரலில் ஏறியது. நிறுத்திவிடுவார் என்றுதான் நினைத்தேன். நிறுத்தினால் நல்லது என்றுகூட நினைத்தேன். அவர் மெல்லக் குனிந்து, மேசைக்கு அடியிலிருந்து கேமராவை எடுத்துத் தோளில் வைத்தார். ஒரு கண்ணை மூடினார்.

"கிராணி, நல்லாத்தான் சொன்னீங்க. ஆனா பதிவாகல. இன்னொருக்கா சொல்லுங்க."

கிராணி வாயைத் திறந்தார், மூடினார், மோட்டார் சைக்கிளை மறந்துவிட்டு நடந்தே போனார். பிறகு யாரையோ அனுப்பி எடுத்துக்கொண்டார்.

அன்று மாலையே அண்ணன் தோட்டத்துக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னார். நானும் கூட இருந்தேன். "நிறுத்தச் சொன்னா நிறுத்திர்றேன்க்கா" என்றார்.

லெட்சுமியக்கா வாளியைக் கீழே வைக்காமலே கேட்டார். "இந்த வாரம் தண்ணி வந்துச்சாடா?"

"இல்லக்கா."

"அப்ப என்னத்த நிறுத்துற? போடு."

போட்டார். அடுத்த மாதம் குழாய் பதிக்க ஆட்கள் வந்தார்கள். விளையாட்டு விழாவிலிருந்து சரியாக மூன்று மாதத்தில் வேலை முடிந்தது. திறப்பு விழாவில் டைரக்டர் எங்கள் முகத்தைப் பார்த்தே சொன்னார். "நான் மொதல்ல சொன்னதுதான் சரி. நீங்கதான்யா மாத்தி மாத்திக் கேட்டீங்க!" வாழ்க்கையில் முதன்முறையாக, முதல் டேக் சரியாக அமைந்துவிட்டது. அண்ணனுக்கு அது ஜீரணமாகவே இல்லை.

டைரக்டர் ரிப்பன் வெட்டினார், லெட்சுமியக்கா குழாயைத் திறந்தார். முதலில் காற்று இருமியது. பிறகு செம்மண் கலங்கல். பிறகு தெளிந்த தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு நனைந்தார்கள். நான் பேட்டி எடுக்க மைக்கோடு நின்றேன். எல்லோரும் பழக்கதோஷத்தில் அண்ணனைத் திரும்பிப் பார்த்தோம். லெட்சுமியக்கா குழாயை மூடிவிட்டு, மறுபடி திறக்கத் தயாராகக் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அண்ணனின் இரண்டு கண்ணும் திறந்திருந்தன. இரண்டும் நிறைந்திருந்தன. கேமராவில் சிவப்பு விளக்கு எரியவில்லை. அழுத்தவே மறந்திருக்கிறார்.

"மூடாதக்கா," என்றார். "ஓடட்டும்."

அந்த வாரம் அந்தச் செய்தியைப் படமில்லாமல்தான் வாசித்தேன். நீலப் படுக்கை விரிப்புக்கு முன்னால், ரோஜா இதழ்களுக்கு நடுவே, "எட்டாங்கட்டைத் தோட்டத்தில் தண்ணீர் வந்துவிட்டது" என்றேன். குரல் உடைந்துவிட்டது. திருப்பி எடுப்பார் என்று காத்திருந்தேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார்.

ஒரு வணக்கத்துக்குப் பத்துத் தடவை "இன்னொருக்கா" கேட்டு எரிந்து விழுந்தவள்தான் நான். அண்ணன் போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. இன்றைக்கும் எங்காவது மைக் முன்னால் வணக்கம் சொல்லிவிட்டால், அடுத்த சொல்லுக்குப் போகாமல் ஒரு நொடி நிற்கிறேன், அவர் கையைத் தூக்குவாரோ என்று.