மாப்பிள்ளையின் கப்பலும் நடுக்கடல் பால்மாடும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் உங்கள் மனைவியும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் பயிற்சிக்குப் போன இடத்தில் நேரத்துக்குச் சாப்பிட்டு, சளி பிடிக்காமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இது நானே என் கையால் எழுதும் முதல் கடிதம். அறுபத்தொன்பது வயது வரை கைநாட்டு வைத்தவன், ஐந்து மாதம் எழுத்து வகுப்புக்குப் போய், இப்போது முற்றுப்புள்ளி கூட வைக்கிறேன், பாருங்கள். உங்கள் கப்பல் பத்திரமாக இருக்கிறது. இதை முதலிலேயே எழுதிவிடச் சொன்னாள் உங்கள் மனைவி.

கணினிக்குள் நீங்கள் ஓட்டும் நீர்மூழ்கிக் கப்பலைத்தான் சொல்கிறேன். ஊருக்குப் போகும்போது திரையில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டிவிட்டுப் போனீர்கள் அல்லவா? "தயவுசெய்து யாரும் இதைத் தொட வேண்டாம்." ஐந்து சொல், ஓர் இடத்திலும் தடுக்காமல் படித்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் சீட்டைப் பிரித்தெடுத்து வகுப்புக்குக் கொண்டுபோனேன். ஆசிரியை அதைப் பலகையில் எழுதிப்போட்டு, பதினோரு பேரையும் வரிசையாகப் படிக்க வைத்தார். பக்கத்தில் உட்காரும் தையல்காரர், "உங்க மாப்பிள்ளை கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கே" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. பன்னிரண்டு கை மாறியதில் சீட்டின் பசை போய்விட்டது. திரும்ப ஒட்டிப் பார்த்தேன், நிற்கவில்லை. ஒட்டும் முயற்சியில் கை எங்கேயோ பட்டுத் திரை விழித்துக்கொண்டது. அதில் "தொடர்க" என்று இருந்தது. இத்தனை வருடம் எந்தப் பலகை என்ன சொல்கிறது என்று தெரியாமலே வண்டி ஓட்டியவன் நான். படிக்கத் தெரிந்தபின் ஒரு சொல் ஒன்றைச் செய்யச் சொன்னால் செய்வதுதானே மரியாதை? தொடர்ந்தேன்.

அடுத்து "முழு வேகம்" என்று ஒரு பொத்தான். நாற்பத்திரண்டு வருடம் எண்ணெய் டேங்கர் லாரி ஓட்டினேன், மாப்பிள்ளை. நாற்பதுக்கு மேல் போகக் கூடாது என்பது கம்பெனி உத்தரவு. முழு வேகம் எப்படி இருக்கும் என்று எனக்கு அந்தக் கடலில்தான் தெரிந்தது. இரண்டு நாள் மத்தியானம் முழுக்க அப்படியே விட்டேன், அலை இரண்டு பக்கமும் பிளந்துகொண்டு போயிற்று, உங்கள் அத்தை கூட அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள். மூன்றாம் நாள் வேலையிலிருந்து சீக்கிரம் வந்த உங்கள் மனைவியும் பார்த்தாள். பார்த்தவள் கைப்பையைக் கூட இறக்கவில்லை.

"அப்பா, எண்ணெய் நூத்துக்கு ஆறுதான் இருக்கு. கரை எங்கேயோ இருக்கு. என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"விளையாட்டுத்தானேம்மா. திரும்ப ஆரம்பிச்சாப் போச்சு."

"இதுல ஒரே உயிர்தான்ப்பா. நடக்கறதையெல்லாம் அதுவே எழுதி வச்சுக்கும், பின்னாடி போக முடியாது. மூழ்கினா மூழ்கினதுதான். ரெண்டு வருஷமா நாப்பத்தோரு மாலுமியில ஒருத்தரைக்கூட அவர் சாக விடல. நான் சொல்ல மாட்டேன். கப்பலைக் கரை சேர்த்துட்டு நீங்களே அவருக்கு எழுதுங்க."

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நாற்பத்தோரு பேர். ஆனால் கடவுள் இருக்கிறார். மறுநாள் திரையில் ஒரு கம்பியில்லாத் தந்தி வந்தது. முக்கால் மணி நேரம் படித்தேன். நடுக்கடலில் எண்ணெயும் டார்பிடோவும் ஏற்றிக்கொண்டு வந்து மற்ற நீர்மூழ்கிகளுக்குக் கொடுப்பதற்கென்றே ஒரு பெரிய நீர்மூழ்கி உண்டாம். மாலுமிகள் அதைப் பால்மாடு என்பார்களாம். மாப்பிள்ளை, அது தண்ணீருக்கு அடியில் ஓடும் டேங்கர் லாரி. என் வேலை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தந்தியில் சொன்ன இடத்துக்குப் பால்மாடு வந்தது. நானும் போய்ப் பக்கத்தில் நிறுத்தினேன். நிறுத்தியதும் எண்ணெய் எடுக்கலாமா? கூடாது. வண்டி வந்து நின்றால் எஞ்சினை அணைத்து, கால்மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டும். எண்ணெய் உள்ளே குலுங்கி அடங்கிய பிறகுதான் அளவுக் கம்பி விட்டுப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் நான் ஒரு சொட்டு இறக்கியதில்லை. எஞ்சினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பட்டப்பகல், வெட்டவெளிக் கடல், இரண்டு கப்பலும் பக்கத்தில் பக்கத்தில். பத்தாவது நிமிடம் திரையில் சிவப்பில் எழுத்து வந்தது. படிக்கத் தொடங்கினேன். எ, தி, ரி, வி, மா...

"எழுத்துக் கூட்டாதீங்க, முங்குங்க" என்றாள் உங்கள் அத்தை, வெங்காயம் உரித்துக்கொண்டே.

"நீ சொல்லாதே. நானே படிக்கிறேன்."

"நாப்பது வருஷமா பஸ் போர்டுலேர்ந்து மாத்திரை அட்டை வரைக்கும் நான்தானே படிச்சுச் சொன்னேன். இதையும் சொல்லிட்டுப் போறேன். குண்டு போடறான்."

அவள் சொன்னபடிதான் போட்டான். பால்மாடு முங்கி ஓடிவிட்டது. நானும் முங்கினேன். பின்பக்கம் கொஞ்சம் ஒழுகிற்று, அடைத்துவிட்டார்கள். நாற்பத்தோரு பேரையும் எண்ணிப் பார்த்தேன், இருந்தார்கள். எண்ணெய் நூற்றுக்கு நான்கு.

அவளையே பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்லியிருக்கலாம். வகுப்புத் தோழர்களும் அதைத்தான் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. என் கண்ணால் படித்துத்தான் இந்தக் கப்பலைச் சிக்கலில் மாட்டினேன், என் கண்ணால் படித்துத்தான் மீட்க வேண்டும். "எதிரி விமானம்", "உடனே மூழ்கவும்", "ஆணைக்குக் காத்திருக்கிறோம்" என்று உங்கள் விளையாட்டில் வரும் சொற்களையெல்லாம் நோட்டில் நூறு நூறு தடவை எழுதினேன். கட்டைவிரல் வீங்கிவிட்டது. ஆனால் இப்போது சிவப்பு வந்ததும் முதல் எழுத்திலேயே முங்கிவிடுவேன். அத்தை வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்குவதற்குள் நான் அறுபது மீட்டர் ஆழத்தில் இருப்பேன்.

அடுத்த பால்மாட்டுக்கு ஆறு நாள் பயணம். ஒரே எஞ்சின், ஆள் நடக்கும் வேகம். மூன்று மணி நேரம் முன்னதாகவே போய்க் காத்திருந்தேன். ஏன் தெரியுமா? என் காலத்தில் ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும் என்னை வாசலிலேயே நிறுத்திவைத்துவிட்டு உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். வெயிலில் எண்ணெய் வண்டியோடு நிற்பவனுக்குத்தான் தெரியும் அந்த எரிச்சல். என் வாழ்நாளில் ஒரு டேங்கர்காரனையும் காக்கவைக்க மாட்டேன் என்று அப்போதே சபதம் போட்டிருக்கிறேன். சும்மா காத்திருக்கும் நேரம் நகரட்டும் என்று கடிகாரத்தை வேகமாக ஓட்டும் பொத்தானையும் கண்டுபிடித்தேன். ஒரு நிமிடத்தில் ஒரு மணி நேரம் போகிறது. நல்ல ஏற்பாடு.

இன்று மத்தியானம் பால்மாடு வந்துவிட்டது. சுற்றிலும் நல்ல மூடுபனி, விமானம் வர வழியில்லை. "எரிபொருள் பெற ஆணையிடவும்" என்று திரையில் இருக்கிறது, ஒரே மூச்சில் படித்தேன். "நிறுத்துக" என்றும் ஒரு பொத்தான் இருக்கிறது. எண்ணெய் வண்டி பக்கத்தில் நிற்கும்போது உலகத்தையே நிறுத்திவைப்பது முறையில்லை என்று விட்டுவிட்டேன். எண்ணெய் அடங்க வேண்டிய கால்மணி நேரத்தை வீணாக்காமல் உங்களுக்கு இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். முடித்த கையோடு ஆணை கொடுத்து, தொட்டியை நிரப்பி, கப்பலைக் கரை சேர்த்துவிடுவேன். ஆகவே நீங்கள் எந்தக் கவலையும் இல்லாமல் மாதக் கடைசியில் சொன்னபடி புறப்பட்டு வாருங்கள். நாற்பத்தோரு பேரையும் எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் தீர்க்காயுசாக, காலில் முள் தைக்காமல், கண்ணில் தூசி விழாமல் இருக்க வேண்டும். உங்கள் அத்தையும் விசாரிக்கச் சொன்னாள்.

இப்படிக்கு,
பேனா பிடித்த பெருமையுடன்,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். அத்தை தேநீர் கொண்டுவந்தவள் திரையைப் பார்த்துவிட்டு, "ஏங்க, உங்க மாடு எங்க?" என்றாள். கடலில் என் கப்பல் மட்டும் இருந்தது. கடிகாரத்தைப் பழைய வேகத்துக்கு மாற்ற மறந்திருக்கிறேன். இந்தக் கடிதம் எழுதிய நேரத்தில் அங்கே பன்னிரண்டு நாள் போயிருக்கிறது. "ஆணைக்குக் காத்திருக்கிறோம்" என்று பால்மாடு ஒன்பது தடவை தந்தி அடித்துவிட்டுப் போய்விட்டது. நான் ஒரு டேங்கர்காரனைப் பன்னிரண்டு நாள் வாசலில் நிறுத்திவைத்திருக்கிறேன். எண்ணெய் நான்கிலிருந்து மூன்றாகிவிட்டது. ஆட்கள் அதே நாற்பத்தோரு பேர், இப்போதும் எண்ணிவிட்டேன். அடுத்த பால்மாடு இருக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன், ஆள் நடக்கும் வேகத்தில், விட மாட்டேன். மேலே எழுதியதைத் திருத்தினால் இன்னொரு பால்மாடும் போய்விடும் என்பதால் அப்படியே அனுப்புகிறேன். நீங்கள் மாதக் கடைசியில் வர வேண்டாம், அலுவலகத்தில் சொல்லிப் பயிற்சியை இரண்டு வாரம் நீட்டிக்கொள்ளுங்கள். போன பால்மாட்டு ஓட்டுநரிடம் மன்னிப்புக் கேட்க உங்கள் விளையாட்டில் பொத்தான் உண்டா? இருந்தால் அது எந்த எழுத்தில் தொடங்கும் என்று மட்டும் பதில் போடவும். மீதியை நான் படித்துக்கொள்கிறேன்.