மீசையை நம்பிய வேலை

எனக்கு மனிதர்களின் முகத்தைப் பார்த்துப் பேச வராது. காலைப் பார்ப்பேன், மிஞ்சிப்போனால் தலைமுடியைப் பார்ப்பேன். இப்படிப்பட்டவனை எந்த வேலைக்கு அனுப்பக் கூடாதோ, அந்த வேலைக்குப் போனவன் நான்.

சித்தூரில் தெருவுக்குத் தெரு எஸ்டிடி பூத் முளைத்துக்கொண்டிருந்த நேரம். கூடப் படித்தவர்கள் பெங்களூருக்கும் மெட்ராசுக்கும் பெட்டி கட்டினார்கள். நான் மட்டும் போன வேலையிலிருந்தெல்லாம் போன வேகத்தில் திரும்பினேன். (துணிக்கடையில், வந்தவர்களிடம் "என்ன வேணும்?" என்று கேட்கவே கூச்சம்.) கங்காதர நெல்லூரில் பயிர் வைத்துக்கொண்டிருந்த என் நைனா, மகனுக்கு ஒரு வேலை நிலைத்தால் மொட்டை போடுவதாக ஏழுமலையானிடம் வேண்டிக்கொண்டார். அதுவரை தலையில் கத்தி படாது. எனக்கு வேலை நிலைக்காமல் போகப் போக, நைனாவின் முடி வளர்ந்து கொண்டையானது. கொண்டையைப் பார்த்தே ஊர் என் நிலவரத்தைத் தெரிந்துகொண்டது.

அப்போதுதான் ஒரு டிராவல்ஸில் இடம் கிடைத்தது. வேனில் ஆட்களைத் திருமலைக்குக் கூட்டிப்போய், பத்திரமாகச் சித்தூருக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

"தலைய எண்ணி ஏத்து, எண்ணி எறக்கு. அவ்ளோதான்" என்றார் முதலாளி.

முதல் பயணத்தில் ஏறியவர்களை என் வழக்கப்படி மனதில் பதித்துக்கொண்டேன். சுருட்டை முடி. தாடிக்கார அண்ணன். தனியாக வந்திருந்த பெரிய மீசைக்காரர். மேலே போனதும் எல்லோரும் மொட்டை போடக் கிளம்பினார்கள். நான் நிம்மதியாக டீ குடித்தேன். (மொட்டை போட்டால் முடி இருக்காது என்பது பட்டதாரியான எனக்கு உறைக்கவில்லை.)

சாமி பார்த்துவிட்டு வரும் நேரம் ஆனது. எங்கே திரும்பினாலும் சந்தனம் பூசிய மொட்டை! நல்லவேளை, பெரும்பாலானவர்கள் தாங்களாகவே வேனைக் கண்டுபிடித்து ஏறிவிட்டார்கள். மீசைக்காரர் மட்டும் பாக்கி. வேனுக்குள்ளிருந்து வசவு கிளம்பியது. அந்தப் பக்கம் ஒரு பெரியவர் லட்டுப் பையோடு தனியாக நின்றார். ஓடிப்போய்க் கையைப் பிடித்து, "வாங்க நைனா, வண்டி கெளம்புது" என்றேன். வந்தார். எண்ணினேன். சரியாக இருந்தது.

சித்தூரில் எல்லோரும் இறங்கிய பிறகு அவர் கண் விழித்தார்.

"வேலூர் வந்துட்ச்சா?"

"இது சித்தூரு. நீங்க... எங்க வண்டியில வந்தவர் இல்லியா?"

"இல்லியே."

"அப்ப ஏன் ஏறினீங்க?"

"நீதான நைனான்னு கையப் புடிச்சி இஸ்துகினு வந்த? அப்டி கூப்டா வராம இன்னா பண்றது?"

அவருக்குக் கோபமே இல்லை. எனக்கும் ஒரு லட்டு கொடுத்தார். வேலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

மறுநாள் மீசைக்காரர், மீசையில்லாமல், ஆபீசுக்கு வந்தார். "மீசைய எடுத்தா ஆளே இல்லன்னு ஆயிடுமா?"

"ஏமய்யா, தலை கணக்கு சரியா கீதுன்னு சொன்ன?" என்றார் முதலாளி.

"சரியாத்தான் சார் இருந்திச்சி" என்றேன். அத்தோடு அந்த வேலையும் போனது.

வீட்டில் சொன்னபோது நைனா திட்டுவார் என்று நினைத்தேன். கொண்டை அவிழ்ந்து விழும்வரை சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உன்ன ஆளுங்ககிட்ட அனுப்பினதே தப்புடா. பேசாதது எதுனாகிட்ட அனுப்பணும்" என்றார்.

மாம்பழ சீசனில் பழக்கூழ் ஃபேக்டரியில் சேர்த்துவிட்டார். பெல்ட்டில் வரும் பழங்களைப் பார்த்துப் பிரிக்கும் வேலை. காய், கனிந்தது, அடிபட்டது எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்தது. (மாம்பழம் நம்மைத் திருப்பிப் பார்ப்பதில்லை பாருங்கள்.) வாழ்க்கையில் முதல்முறையாகச் சைரன் ஊதுவதற்கு முன்பே வேலைக்கு ஓடினேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் இருந்ததில்லை.

வேலை பர்மனென்ட் ஆனதும் நைனாவைத் திருமலைக்குக் கூட்டிப்போனேன். மொட்டை போடும் மண்டபத்துக்கு வெளியே, எந்த மொட்டை நைனாவோ என்று தேடியபடி நின்றேன். மஞ்சள் தலையோடு வந்த நைனா, என்னைப் பார்த்ததும் அங்கேயே நின்று கையைத் தூக்கினார்.

"டேய்! நான்தான்டா உன் நைனா!"

சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "தெரியுது நைனா" என்றேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அன்றைக்குத்தான் அவர் முகத்தை நன்றாகப் பார்த்தேன். காது இரண்டும் முறம் மாதிரி விரிந்திருந்தன. இத்தனை நாள் நான் பார்த்ததெல்லாம் கொண்டையைத்தான்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் யார் முடி வெட்டிக்கொண்டு வந்தாலும் வாசலில் நின்று கையைத் தூக்கி அதையே சொல்வார்கள். நைனா போய்ச் சேர்ந்த பிறகும் அது நிற்கவில்லை. போன மாதம் பேத்திக்கு முதல் மொட்டை. அழுது முடித்த குழந்தையின் கையைத் தூக்கிப் பிடித்து, என் மகள்தான் குரல் கொடுத்தாள்: "டேய், நான்தான்டா உன் நைனா!"

காதைப் பார்த்தேன். ஆமாம், அவரேதான்.