இரைச்சலைக் காட்டப் போன நாள்

“நீ படிச்சதெல்லாம் பேப்பரில கிடக்கு, பிள்ளை. சத்தம் பெட்டிக்குள்ள கிடக்கு.”

இதைச் சொன்னவர் ஜெராட் மாமா. எங்கள் கத்தோலிக்கப் பங்கில் முப்பது வருடமாக ரேடியோ திருத்துகிறவர், பங்குச் சபையிலும் இருக்கிறவர். சொல்லிவிட்டு அவர் நிம்மதியாகத் தேநீர் குடித்தார். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்தவள் நான் ஒருத்திதான். அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். இன்றைக்கும் கையெழுத்துக்குப் பெருவிரல்தான் வைப்பார். அண்ணா எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவன். என் மின்னணுவியல் டிப்ளோமாவை அப்பா கண்ணாடி போட்டுத் திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில், அதைவிட ஓரங்குலம் உயரத்தில் மாட்டியிருந்தார். (அம்மா பயந்துபோய்ப் பிறகு இறக்கி மாட்டினார்.) எனக்குத் தலைக்கனம் வராமல் இருந்தால்தான் அதிசயம்.

நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டல் இசைக்குழு கலைந்தபோது, அவர்களுடைய பழைய கிற்றார் அம்பிளிபயரை எங்கள் கோயில் பாடகர் குழுவுக்காக அண்ணா வாங்கி வந்தான். வால்வு வைத்த வகை. பின்பக்கம் கண்ணாடிக் குழல்கள் சிவந்து எரியும்; பார்க்க வடிவு. அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் வைத்து பிளக்கைச் செருகி, அது சூடானதுதான் தாமதம், “ம்ம்ம்ம்” என்று இரையத் தொடங்கியது. கப்பல் ஒன்று எஞ்சினை நிற்பாட்டாமல் எங்கள் வீட்டுக்குள்ளே நங்கூரம் போட்டதுபோல் இருந்தது.

அந்தச் செய்தி ஜெராட் மாமாவுக்குப் போய், அவர் வீட்டுக்கு வந்து சொன்னதுதான் மேலே உள்ள வசனம். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. நேரே ஃபாதரிடம் போய், “பெட்டியை என்ர பிள்ளை திருத்துவாள். திருநாளுக்குச் சவுண்ட் முழுக்க அவள்தான் பாப்பாள்” என்று சொல்லிவிட்டு வந்தார். எங்கள் பங்கில் ஒரு பெண்பிள்ளை திருநாள் ஒலிபெருக்கியைத் தொட்டது கிடையாது. அப்பாவின் வாக்கு இப்போது என் கையில்.

இரைச்சலுக்குப் பதினான்கு காரணங்களைக் கொப்பியில் இலக்கமிட்டு எழுதினேன். வால்வுகளை அகப்பைக் காம்பால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். கொழும்பிலிருந்து புது வால்வு எடுப்பித்தேன். உள்ளே கொதிகலன் மாதிரி இருந்த பழைய கபாசிற்றர்களை மாற்றினேன். இரைச்சல் அசையவில்லை. முற்றத்தில் ஆடு கத்தினால், “சத்தம் போடாதே, சத்தம் தேடுறன்” என்று அதற்கும் ஏச்சு விழுந்தது.

நடுவில் அண்ணா கிற்றாரைச் செருகி வாசித்துப் பார்த்தான்.

“தங்கச்சி, கம்பியில கை வைக்க விறுவிறுக்குது.”

“உன்ர கை வேர்வை அண்ணா. துடைச்சுப்போட்டு வாசி.”

“வேர்வை கடிக்குமோடி?”

“நீ படிச்சனியோ, நான் படிச்சனானோ?”

(இந்த ஒரு கேள்விக்காக அண்ணாவிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.) குசினியில் அம்மா கொஞ்ச நாளாகச் செருப்புப் போட்டுக்கொண்டுதான் பிரிட்ஜைத் திறந்தார். அதையும் பார்த்தேன். வயது போகப் போகக் கால் குளிருகிறதாக்கும் என்று நினைத்தேன். திருகோணமலை வெயிலில்!

பதினான்கு காரணங்களும் வெட்டுப்பட்ட பிறகு தீர்ப்பு எழுதினேன்: ட்ரான்ஸ்போமர் பழுது, பெட்டி இனி உதவாது. இரண்டு பக்க அறிக்கை, அடியில் முழுப் பெயரில் கையெழுத்து. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சபை கோயிலுக்குள்ளேயே கூடியது. அப்பா மினுக்கி மடிப்புக் கலையாத சேட்டோடு முன்வரிசை வாங்கில் இருந்தார். நான் அறிக்கையை உரத்து வாசித்தேன். “இடைவிடாத, ஆழ்ந்த இரைச்சல்” என்ற இடத்தில் குரலைக்கூட ஆழமாக்கினேன்.

“எங்க பிள்ளை, போட்டுக் காட்டுங்கோ” என்றார் ஃபாதர்.

போட்டேன். குழல்கள் சிவந்தன. எல்லோரும் காது கொடுத்தார்கள்.

ஒன்றும் இல்லை.

“கொஞ்சம் சூடாகவேணும், ஃபாதர்.”

சூடானது. ஒன்றும் இல்லை. சத்தக் குமிழை முழுக்கத் திருகினேன்.

“எனக்கு மெல்லிசாக் கேக்கிற மாதிரிக் கிடக்கு” என்றார் ஒரு மாமி, இரக்கப்பட்டு.

“அது ஃபேன்” என்றார் ஜெராட் மாமா.

ஃபேன்களை நிற்பாட்டினார்கள். சபை முழுவதும் வேர்த்து ஒழுக, இல்லாத ஓர் இரைச்சலுக்காகக் காத்திருந்தது. கோயிலுக்குள் நின்று ஒரு பழுது வரவேண்டும் என்று மன்றாடிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். மன்றாட்டுக் கேட்கப்படவில்லை. அண்ணா எழும்பி வந்து ஒரு கம்பியைத் தட்டினான். மணி மாதிரி ஒலித்தது. “இஞ்ச கடிக்கவும் இல்லை” என்றான்.

ஜெராட் மாமா என்னைப் பார்த்தார். “வீட்டில எர்த் எப்பிடி, பிள்ளை?”

எனக்குக் கோபமே வந்துவிட்டது. “அது வடிவா இருக்கு மாமா. முதல் வருசம் படிக்கேக்க நானே அடிச்ச கம்பி.”

உண்மைதான். மின்சாரம் வழிதவறினால் ஆளைத் தாக்காமல் மண்ணுக்குள் இறங்குவதற்காக, குசினிச் சுவரோரம் என் கையால் சம்மட்டி போட்டு இறக்கிய செப்புக் கம்பி அது. நான் செய்த முதல் வேலை. அதனால்தான் பதினான்கு காரணங்களில் அது இல்லை.

அப்பா தொண்டையைச் செருமினார்.

“எந்தக் கம்பி? குசினிப் பக்கம் நிக்கிறதோ?”

“ஓம் அப்பா.”

“அதிலதானே ஆட்டைக் கட்டிறனான்.”

கோயில் அமைதியாக இருந்தது. (அம்பிளிபயரும்தான்.)

“அப்ப அதில இருந்த வயர்?”

“ஆடு இழுக்கக் கழண்டு போச்சு. சப்பிப்போடும் எண்டு வடிவாச் சுருட்டி ஓட்டுக்குக் கீழ செருகி வச்சிருக்கிறன்.”

“ஏனப்பா அதில போய்க் கட்டினீங்கள்?”

“வேற என்னத்தில கட்டிறது? நான் நட்ட கட்டை மாரிக்கு உக்கிப்போச்சு. இது நீ அடிச்ச கம்பி. எருமை இழுத்தாலும் வராது.”

சிரிப்பு கூரைக்குப் போனது. ஃபாதர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். ஜெராட் மாமா வாங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அவர் சொன்னதும் பிழைதான்: சத்தம் பேப்பரிலும் இல்லை, பெட்டியிலும் இல்லை. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவரளவில் அவர் என்னைப் புகழ்ந்திருந்தார். சனம் எதற்குச் சிரிக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு வெட்கம் வந்தது. அதுவரை வந்ததெல்லாம் கோபம்.

“சவுண்டை அவளே பாக்கட்டும் ஃபாதர்” என்றார் ஜெராட் மாமா, மூச்சு வாங்கிக்கொண்டு. “ஆனா, ஆட்டைக் கோயிலுக்குக் கொண்டு வரக்கூடாது.”

வீட்டுக்குப் போனதும் மெயின் சுவிச்சை நிற்பாட்டி, வயரைக் கம்பியில் திரும்பவும் இறுக்கினேன். கம்பி ஒரு மயிரிழைகூட அசைந்திருக்கவில்லை. மின்சாரத்துக்கு மண்ணுக்குள் போக வழி கிடைத்ததும் பெட்டி வாயை மூடிக்கொண்டது. அம்மா வெறுங்காலோடு பிரிட்ஜைத் திறந்து, “கடிக்கேல்லை” என்றார். எத்தனை நாளாகக் கரண்ட் கடித்தது என்று கேட்டேன். “நீ படிச்ச பிள்ளை, இதைப் போய் உன்னட்டைச் சொல்லுவானேன் எண்டு விட்டனான்.” இரைச்சலைக் கேட்கக் காதைத் தீட்டிக்கொண்டு திரிந்தவளுக்கு வீட்டில் அண்ணா சொன்னதும் அம்மாவின் செருப்புச் சொன்னதும் கேட்கவில்லை.

திருநாள் நல்லபடி முடிந்தது. இப்போது எங்கள் வீட்டில் எது பழுதானாலும், தண்ணீர் மோட்டராக இருந்தாலும், அண்ணாவின் கல்யாணப் பேச்சாக இருந்தாலும், முதல் கேள்வி ஒன்றுதான்: “ஆட்டை அவிட்டாச்சோ?”

போன திங்கட்கிழமை, வீட்டு வயரிங் செய்வதற்கான அனுமதிப் பரீட்சைக்கு விண்ணப்பத்தை நிரப்பினேன். என்னை அறிந்தவர் என்ற இடத்தில் ஜெராட் மாமா கையெழுத்து வைத்தார். “இன்னொரு பேப்பரோ?” என்று கேட்டுக்கொண்டுதான். செய்த வேலைகள் என்ற இடத்தில், எர்த் கம்பியை முதலாவதாக எழுதினேன்.

அப்பா பக்கத்தில் வந்து நின்று தாளைப் பார்த்தார்.

“ஆட்டைப் பற்றியும் எழுதினியோ?”

“இல்லையப்பா.”

“எழுது. அப்பதான் கம்பி எவ்வளவு பலம் எண்டு அவங்களுக்கு விளங்கும்.”

எழுதினேன். தபாலிலும் போட்டுவிட்டேன்.